வெள்ளைச் சுவரே முதல் ஆசான்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தான். அதை நின்றபடி, ஒற்றைக் கையால், கையை எதன்மீதும் சாய்க்காமல், 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். இதைக் கேள்விப்படும் யாருக்கும், பயிற்சி என்றால் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் பெல்லட்டுகளைச் சுட்டுத் தீர்ப்பதுதான் என்று தோன்றும். பிள்ளையை ரேஞ்சில் சேர்த்துவிட்டு வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் 'இன்றைக்கு எத்தனை ரவுண்டு, எவ்வளவு ஸ்கோர்?' என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் உலகத் தரத்தில் ஆடுகிறவர்களின் பயிற்சியில் கணிசமான பகுதி ஒரு பெல்லட்கூட இல்லாமல், எதிரே இலக்கே இல்லாமல், ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நடக்கிறது. இதற்கு 'டிரை ஃபயரிங்' என்று பெயர். பெல்லட் செலவை மிச்சப்படுத்தச் செய்யும் சிக்கனம் என்று பலரும் இதை நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அடிப்படையைக் கற்பதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. காரணம், புதிதாகச் சுட வருகிறவரைக் கெடுப்பதே எதிரே இருக்கும் அந்த இலக்குதான்.

வினோதமாகத் தோன்றும் இந்தக் கூற்றுக்கு முதல் சாட்சி கணக்கு. பிஸ்டலின் பின்பக்கம் ரியர் சைட் என்ற தகடு. அதன் நடுவில் சதுரமாக ஒரு வெட்டு. குழலின் நுனியில் ஃப்ரண்ட் சைட் என்ற சிறு தகடு நிமிர்ந்து நிற்கும். பின்வெட்டின் நடுவில் முன்தகடு நிற்க, இரு பக்கமும் ஒரே அகலத்தில் வெளிச்சக் கோடு தெரிய, இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் சைட் சரியாகப் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்தகடு ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டருக்கு அப்பால் அது முப்பது மடங்காகப் பெருகி, பெல்லட் 3 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். பத்தாக வேண்டியது ஏழாகிவிடும். அரை மில்லிமீட்டர் விலகினாலே ஒன்பதுதான். இப்போது வேறொரு பிழையைப் பாருங்கள். இரண்டு சைட்டும் கச்சிதமாகப் பொருந்தியிருக்க, கை முழுவதும் சேர்ந்து இலக்கின்மேல் மெல்ல அலைகிறது. கண்ணுக்குத் தெரியும் அந்த அலைவு எவ்வளவோ அவ்வளவுதான் பிழை, அது பெருகுவதில்லை. மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் அலைந்து போயிருந்தால்கூட, 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் ஓரம் பத்தாவது வட்டத்தின் கோட்டைத் தொட்டுவிடும். கோட்டைத் தொட்டாலே பத்து. ஆக, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் அலைவு மன்னிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தட்டுப்படாத சைட் விலகல் தண்டிக்கப்படுகிறது. புதிதாக வருகிறவர் கவலைப்படுவதோ அலைவைப் பற்றி.

மரத்தில் இருந்த பறவையின் கண் மட்டுமே தெரிந்தது என்ற அர்ச்சுனன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குறிபார்ப்பது என்றால் குறியையே பார்ப்பது என்று அந்தக் கதை நம் மனத்தில் பதிந்துவிட்டது. பிஸ்டலில் அந்தப் பாடத்தைத் தலைகீழாக்க வேண்டும். மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில் இருப்பதைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். கண்ணிலிருந்து ஒரு மீட்டருக்குள் முன்தகடு; பத்து மீட்டரில் இலக்கு. இரண்டையும் ஒருசேரக் கூர்மையாகப் பார்க்க யாராலும் இயலாது. ஆகவே முன்தகடு கத்தி முனைபோலத் தெளிவாகவும், இலக்கின் கறுப்பு வட்டம் மங்கலான உருண்டையாகவும் தெரிய வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்தக் கறுப்பின் நடுவைக்கூடக் குறிவைப்பதில்லை. அதற்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பகுதியில் சைட்டை நிறுத்தி, பெல்லட் மேலே மையத்தில் விழும்படி சைட்டைத் திருகி வைத்திருப்பார்கள். கறுப்பின்மேல் கறுப்புத் தகட்டை வைத்தால் விளிம்பு தெரியாது என்பதே காரணம். ஆனால் எதிரே வட்டம் இருக்கும்வரை, கண் முன்தகட்டை விட்டுவிட்டு அங்கே ஓடத்தான் பார்க்கும். பத்துப் புள்ளி அங்கே இருக்கிறது, ஆசையும் அங்கே போகிறது. இதை வாயால் எவ்வளவு சொன்னாலும் கண் கேட்காது. வட்டத்தை எடுத்துவிட்டால் கேட்கும்.

அடுத்தது விரல். யாருடைய கையும் அசையாமல் நிற்பதில்லை, ஒலிம்பிக் பதக்கம் வென்றவருடையதும்தான். இதயம் துடிக்கிறது, தசை நடுங்குகிறது, உடல் கணுக்காலில் மெல்ல ஆடுகிறது. சைட் இலக்கின்மேல் அலைந்துகொண்டே இருக்கும். நடுநடுவே சரியான இடத்தைக் கடந்து போகும். அப்படிக் கடக்கும் கணத்தில் 'இப்போது!' என்று மனம் கூவும். விரல் டிரிகரை வெடுக்கென்று இழுக்கும். கண் கண்டதை மூளை உணர்ந்து விரலுக்கு ஆணையிட்டு, விரல் அசைய ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் சைட் வேறெங்கோ போயிருக்கும். போதாக்குறைக்கு, அந்த வெடுக்கு இழுப்பில் மற்ற விரல்களும் சேர்ந்து பிடியை இறுக்க, குழலின் நுனி கீழே குத்தும். வலது கைக்காரர்களின் இலக்கு அட்டையில் இடப்பக்கம் கீழே துளைகள் குவிந்திருந்தால் பயிற்சியாளர் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இதற்கு ஒரே மாற்று, சைட் அலைந்தாலும் பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டு, விரலை மட்டும் நிற்காமல் நேர் பின்னோக்கிச் சீராக அழுத்திக்கொண்டே போவது. எந்தக் கணத்தில் விசை விடுபடும் என்று விரலுக்கே தெரியக் கூடாது. ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த அரைக் கிலோவைப் பதற்றமில்லாமல் ஏற்றுவதில்தான் பாதி ஆட்டம் அடங்கியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் வெள்ளைச் சுவர் தன் வேலையைக் காட்டுகிறது. சுவரில் சரியான இடம், தவறான இடம் என்று எதுவும் இல்லை. ஆகவே 'இப்போது!' என்ற கூவலுக்கே வழியில்லை. கண் போய் ஒட்டிக்கொள்ள முன்தகட்டை விட்டால் வேறு பொருளும் இல்லை. பயிற்சி இப்படிப் போகும். பிஸ்டலில் பெல்லட் இல்லை என்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சுவருக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாகத் திரும்பி நிற்க வேண்டும். இவை வெறும் சடங்கு அல்ல. வெற்றுத் துப்பாக்கி என்று நினைத்துச் சுட்ட விபத்துகளுக்கு உலகில் குறைவே இல்லை. பிறகு கால்களைத் தோள் அகலத்துக்கு ஊன்றி, இடது கையை இடுப்பிலோ பைக்குள்ளோ நிலைப்படுத்தி, பிஸ்டலைச் சற்று உயரத் தூக்கி மெல்ல இறக்க வேண்டும். இறங்கும்போதே மூச்சு பாதி வெளியேறி நிற்கும். டிரிகரின் முதல் தளர்வு எடுக்கப்படும். முன்தகட்டின் மேல்விளிம்பில் கண் நிலைகொள்ளும். அங்கிருந்து விரல் அழுத்திக்கொண்டே போகும். 'டிக்' என்று விசை விடுபடும். அதோடு முடியவில்லை, இன்னும் இரண்டு விநாடி கண் அங்கேயே நிற்க வேண்டும். டிக் ஒலித்த கணத்தில் முன்தகடு என்ன செய்தது? அசையாமல் நின்றதா, இடப்பக்கம் சாய்ந்ததா, கீழே குனிந்ததா? பெல்லட் போயிருந்தால் இதைக் கவனிக்கவே மாட்டோம். மனம் அதற்குள் ஸ்கோர் பலகைக்குப் போயிருக்கும். சுவர் எந்த ஸ்கோரும் தராததால்தான் இந்த இரண்டு விநாடி நமக்குக் கிடைக்கிறது.

எட்டுப் பத்து விநாடிக்குள் விசை விடுபடவில்லை என்றால் கையை இறக்கிவிட வேண்டும். இதைத் தனிப் பயிற்சியாகவே செய்யலாம், செய்யவும் வேண்டும். மூச்சை அடக்கி நெடுநேரம் உற்றுப் பார்த்தால் பார்வை மங்கத் தொடங்கும். சற்றுமுன் கண்ட சரியான பொருத்தம் விழித்திரையில் தங்கிவிட, சைட் விலகிய பிறகும் பொருந்தியிருப்பதாகவே தோன்றும். தோள் தளர்ந்து அலைவும் பெருகும். இவ்வளவு நேரம் பிடித்தாயிற்று, இதைச் சுட்டே விடுவோம் என்ற எண்ணம்தான் ஏழையும் ஆறையும் கொண்டுவருகிறது. கையை இறக்கக் கற்றவருக்கு ஒரு சுடலைக் கைவிடுவது தோல்வியாகத் தெரியாது. என் கணிப்பில் பிஸ்டல் பயிற்சிகளிலேயே மிகக் கடினமானது இதுதான்.

சுவரைச் சுற்றி வேறு சில பயிற்சிகளும் உண்டு. குழலின்மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிகரை விடுவிப்பது விரலுக்கான சோதனை. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, உடலுக்கு இயல்பான இடத்தில் நிறுத்தி, பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பது நிலைக்கான சோதனை. சைட் இலக்குக்குப் பக்கவாட்டில் நின்றால், கையை வளைத்துச் சரிசெய்யக் கூடாது. பாதத்தைத்தான் நகர்த்த வேண்டும். கையை இழுத்துச் சரிசெய்தால் தசை 60 முறையும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும். சுவரிலிருந்து பெல்லட்டுக்கு மாறும்போதும் நேரே வட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. அட்டையைத் திருப்பி மாட்டி, எதுவும் அச்சிடாத வெள்ளைப் பக்கத்தில் பத்துப் பெல்லட் சுடலாம். துளைகள் எங்கே இருக்கின்றன என்பது பொருட்டல்ல. எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே பொருட்டு. அதற்கும் அடுத்த படி, மின்னணு இலக்கின் மானிட்டரைத் துணியால் மூடிவிட்டு ஒவ்வொரு சுடலுக்கும் 'ஒன்பது, வலப்பக்கம் மேலே' என்பதுபோல் தாளில் எழுதிவைத்து, கடைசியில் துணியை விலக்கி ஒப்பிட்டுப் பார்ப்பது. எழுதியதும் விழுந்ததும் ஒத்துப்போகத் தொடங்கினால், அவர் டிக் ஒலித்த கணத்தில் முன்தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பொருள். ஒத்துப்போகவில்லை என்றால், எத்தனை பத்து விழுந்திருந்தாலும் அவற்றை நம்ப முடியாது.

சுவர்ப் பயிற்சிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது நியாயமானதுதான். பெல்லட் இல்லை, துளை இல்லை. பிழை செய்கிறோமா என்று எப்படித் தெரியும், பிழையையே பழக்கமாக்கிக்கொண்டுவிட மாட்டோமா? கவனமில்லாமல் ஐந்நூறு முறை டிரிகரைத் தட்டினால் அதுதான் நடக்கும். அதனால்தான் அரை மணி நேரம் போதும் என்கிறேன்; அதிலும் ஒவ்வொரு முறையும் முன்தகடு என்ன செய்தது என்பதற்குப் பதில் கிடைக்க வேண்டும். ஸ்காட் போன்ற மின்னணுக் கருவிகளைக் குழலில் பொருத்தினால், விசை விடுபடும் முன்னும் பின்னும் குழல் வரைந்த பாதையைக் கணினித் திரையிலேயே பார்க்கலாம். கருவி இல்லாத இடத்தில் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரு கண் தேவை. அட்டைத் துளை பிழை நடந்ததை மட்டும் சொல்கிறது. முன்தகட்டின் அசைவு, பிழை கையிலா விரலிலா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் காவல்துறை, ராணுவப் பயிற்சி பெற்றவர்களிடமிருந்து வரும். ஏர் பிஸ்டலில் பின்னுதைப்பு ஏறக்குறைய கிடையாது, 9 மில்லிமீட்டர் பிஸ்டலில் உதைப்பும் சத்தமும் உண்டு. அதற்குச் சுவரைப் பார்த்துப் பழகி என்ன பயன் என்பார்கள். இதற்கான பதில் அவர்களுடைய பயிற்சிக் களத்திலேயே இருக்கிறது. உண்மையான தோட்டாக்களுக்கு நடுவே, சுடுபவருக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவை வைத்து நிரப்பிக் கொடுப்பது உலகெங்கும் வழக்கத்தில் உள்ள சோதனை. போலியின் முறை வந்ததும் டிரிகர் இழுக்கப்படுகிறது. வெடி இல்லை, உதைப்பு இல்லை. ஆனாலும் குழலின் நுனி சட்டென்று கீழே குனிகிறது. உதைப்பே இல்லாதபோது குனிந்தது எது? உதைப்பை எதிர்பார்த்து முந்திக்கொண்ட கை. அதாவது பிழை வெடிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. வெடிச்சத்தம் அதை மறைத்துவந்தது, அவ்வளவுதான். சத்தமில்லாத இடத்தில்தான் அதைக் காணவும் திருத்தவும் முடியும். இங்கே ஒரு எச்சரிக்கை: .22 பிஸ்டலை வெறும் தோட்டா அறையோடு தட்டிக்கொண்டிருந்தால் அந்த அறையின் விளிம்பும் சுடுமுள்ளும் பழுதாகக்கூடும். அதற்கென உள்ள போலித் தோட்டாவைப் போட்டுத்தான் பழக வேண்டும். போட்டி ஏர் பிஸ்டல்களில் டிரை ஃபயருக்கென்றே தனி அமைப்பு இருக்கிறது.

மூன்றாவது, சுவர் பதற்றத்தைக் கற்றுத்தராது என்பது. இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். பதற்றத்தைப் போட்டிதான் கற்றுத்தரும். டோக்கியோ ஒலிம்பிக்கின் பத்து மீட்டர் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் நடுவிலேயே பழுதாகி, பல நிமிடங்கள் பறிபோயின. இறுதிச் சுற்று வாய்ப்பு நூலிழையில் நழுவியது. அப்படி ஒரு நெருக்கடியை எந்தச் சுவராலும் ஒத்திகை பார்க்க முடியாது. ஆனால் மூன்றாண்டுக்குப் பிறகு பாரிஸில், 2024இல், அதே பிரிவில் அவர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றபோது நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கான போட்டியில் நீடிக்க முடியாமல் போனது வெறும் 0.1 புள்ளியில். ஏர் பிஸ்டல் இலக்கில் ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர், ஆக 0.1 என்பது 0.8 மில்லிமீட்டர். அந்த இறுதிச் சுற்றில் அவர் சுட்ட 22 சுடல்களில் ஏதோ ஒன்று ஒரு நெல்லின் தடிமன்கூட இல்லாத அளவு நகர்ந்திருந்தால் பதக்கத்தின் நிறமே மாறியிருக்கக்கூடும். அத்தகைய நுண்மையில், பதற்றம் வந்த பிறகு புதிதாக எதையும் செய்ய முடியாது. பதறும்போது உடல் பழகியதையே செய்யும்; பழக்கத்தில் வெடுக்கு இழுப்பு இருந்தால் அதுதான் வெளிவரும். ஆகவே போட்டி ஒத்திகையும் வேண்டும், கடிகாரமும் கூட்டத்தின் இரைச்சலும் வைத்துச் சுடவும் வேண்டும். ஆனால் அவை சுவர் கட்டிய அடித்தளத்தின்மேல்தான் நிற்கும்.

கடைசியாக, இதெல்லாம் நிலையான கையோடு பிறந்தவர்களுக்குத்தான் என்ற எண்ணம். ஹங்கேரி ராணுவ வீரர் காரோய் தகாச்சின் வலது கையை 1938இல் ஒரு கையெறிகுண்டு சிதைத்தது. அவர் சுட்டுப் பழகியது அந்தக் கையால்தான். இடது கையால் முதலிலிருந்து கற்றுக்கொண்டு, 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி என்று அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வென்றார். திறமை கையின் சதையில் இருந்திருந்தால் அது அந்த வலக்கையோடு போயிருக்கும். கண் எதைப் பார்க்க வேண்டும், விரல் எப்படி அழுத்த வேண்டும் என்ற அறிவு புதிய கைக்கு மாறியது. மாற்றப்பட முடிகிறது என்றால் கற்கவும் முடியும். பாரிஸில் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகேச், கண்மறைப்போ சிறப்பு லென்ஸோ இல்லாமல், ஒரு கையைப் பைக்குள் விட்டபடி, இரண்டு கண்ணையும் திறந்துவைத்துச் சுட்ட படம் உலகெங்கும் பரவியது. அலட்சியம் என்று பலர் வியந்தார்கள். அது அலட்சியம் அல்ல. பைக்குள் இருக்கும் கை தோளை நிலைப்படுத்துகிறது. முகத் தசைகளைச் சுருக்கி ஒரு கண்ணை மூடாததால் சுடும் கண்ணும் களைப்படைவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான். நம் ஊர்களில் பிஸ்டல் ரேஞ்ச் எல்லா இடத்திலும் இல்லை. இருக்கும் இடங்களிலும் ஒரு தடத்துக்குப் பலர் காத்திருக்கிறார்கள். சுவர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பயிற்சியாளர்களே, புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் சில வாரங்களாவது வட்டம் போட்ட அட்டையைக் கொடுக்காதீர்கள். பெற்றோரே, பாதுகாப்பு விதிகளைப் பயிற்சியாளரிடம் நீங்களும் கற்றுக்கொண்டு, வீட்டில் அந்த அரை மணி நேரமும் கூடவே இருங்கள். ரேஞ்சிலிருந்து பிள்ளை திரும்பியதும் ஸ்கோரைக் கேட்காதீர்கள். 'டிக் என்றபோது ஃப்ரண்ட் சைட் எங்கே இருந்தது?' என்று கேளுங்கள். தெரியாது என்ற பதில் வந்தால், மறுநாளும் சுவரில்தான் தொடங்க வேண்டும்.